துப்பாக்கியில் மின்னும் சிவப்புப் புள்ளி... குறி தப்பவே தப்பாதா?

திருப்பூரில் நைட் ஷிஃப்ட் டீ பிரேக்கில் செல்போனைத் தள்ளிக்கொண்டே போனால், சமையலுக்கும் சினிமாவுக்கும் நடுவில் துப்பாக்கி ரீல்ஸும் வந்து விழுகின்றன. கையடக்க பிஸ்டல், மேலே குட்டிக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. 'ஃபேக்டரியிலேயே அப்கிரேடு பண்ணி வருது பாஸ்' என்கிறது பின்னணிக் குரல். கமென்ட்டில் நம்ம ஊர்ப் பையன்கள், 'இது இங்க என்ன விலை?' என்று கேட்கிறார்கள்.

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் புள்ளி என்ன செய்கிறது?

லேசர் இல்லைங்க!

பனியன் கம்பெனியில் பிரின்ட் எங்கே விழ வேண்டும் என்று துணி மேல் லேசர் லைட் அடித்துப் பார்ப்பார்களே, இதுவும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 'ரெட் டாட் சைட்' எதிரே இருக்கும் பொருள் மீது எந்த வெளிச்சத்தையும் அடிப்பதில்லை. உள்ளே இருக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி, பூச்சு பூசிய கண்ணாடியில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. புள்ளி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த யோசனைக்கு வயது நூற்றுக்கு மேல். அயர்லாந்தைச் சேர்ந்த, தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் க்ரப் 1900-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எல்.இ.டி. வைத்த எலெக்ட்ரானிக் வடிவத்தை 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் கொண்டுவந்தது.

என்ன லாபம்? சாதாரண பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை, அதற்கப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். ஆனால், கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைத் தேடும் வயது வந்துவிட்டால் முன் முனையே மங்கிவிடும். ரெட் டாட்டில் அந்தத் தொல்லை இல்லை. இலக்கைப் பார்த்தால் போதும்; புள்ளி அதன் மேல் மிதப்பதுபோலத் தெரியும். இரண்டு கண்களையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

எதைப் பார்த்து எடைபோடுவது?

முன்பெல்லாம் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை, தனியாக ஒரு கைவினைஞரிடம் கொடுத்துக் குடைந்து சைட் பொருத்துவார்கள். 2015-ல் க்ளாக் நிறுவனம், சைட் மாட்டுவதற்கான இடத்தைத் தொழிற்சாலையிலேயே வெட்டிய மாடல்களை விற்கத் தொடங்கியது. இன்று அது சகஜம்.

பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு படாரென்று பின்னால் போய் முன்னால் வரும். சைட்டும் அதோடு சேர்ந்தே குலுங்கும். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் புள்ளி ஓரிடம், குண்டு வேறிடம். பேட்டரி மாற்ற சைட்டையே கழற்ற வேண்டிய மாடல் என்றால், திரும்ப மாட்டிய பிறகு குறி சரியாக இருக்கிறதா என்று சுட்டுப் பார்த்தாக வேண்டும். எல்.இ.டி. திறந்திருக்கும் மாடல்களில் மழைத்துளியோ தூசியோ பஞ்சோ உட்கார்ந்தால் புள்ளி மங்கும், மறையும். பஞ்சு என்ன செய்யும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! அதற்காகத்தான் முழுக்க மூடிய சைட்கள் வந்தன.

புள்ளியின் அளவும் முக்கியம். 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டர் தூரத்தில் சுமார் 2.2 சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும். 6 எம்.ஓ.ஏ. என்றால் அதில் இரண்டு மடங்கு. பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும்; நுணுக்கமான குறிக்குச் சிறியதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல் கை. ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை எந்தப் புள்ளியும் திருத்தாது. கை நடுங்கினால் புள்ளியும் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். புதியவர்கள் கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடிக்கொண்டு பிஸ்டலை ஆட்டுவதும் வழக்கம்.

ஃபேக்டரி என்றாலும் சோதனை வேண்டும்

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2017 ஜனவரியில், சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலை அடிப்படையாகக் கொண்ட மாடல்களை அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. 58 கோடி டாலர் வரையிலான ஆர்டர். அதே ஆண்டு ஆகஸ்டில், பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் ட்ரிக்கரைத் தொடாமலேயே வெடிக்கலாம் என்பது சோதனை வீடியோக்களில் அம்பலமானது. ட்ரிக்கர் பகுதிகளை மாற்றித் தரும் அப்கிரேடு திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 'அப்கிரேடு' என்ற வார்த்தைக்குள் சில நேரம் பழைய குறையும் ஒளிந்திருக்கும். நம் ராணுவம் 2019-ல் 72,400 ரைஃபிள்கள் வாங்கியதும் இதே நிறுவனத்திடம்தான். ஆனால், அது வேறு ஆயுதம்.

இங்கேயும் புது முயற்சிகள் உண்டு. டி.ஆர்.டி.ஓ.வும் ராணுவத்தின் மௌ காலாட்படைப் பள்ளியும் சேர்ந்து நான்கே மாதத்தில் உருவாக்கிய 'அஸ்மி' என்ற 9 எம்.எம். மெஷின் பிஸ்டல் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எந்த வகை சைட்டையும் மேலே மாட்டிக்கொள்ளலாம். ஒன்றின் தயாரிப்புச் செலவு 50,000 ரூபாய்க்குள் என்றார்கள். 2024-ல் 550 அஸ்மிகளுக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்தது.

சரி, வாங்க முடியுமா?

ரீல்ஸில் வரும் அந்த 9 எம்.எம். பிஸ்டலைச் சாதாரண இந்தியர் வாங்க முடியாது. அது தடைசெய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அரசுத் தொழிற்சாலைகள் .32 போன்ற ரகங்களைத்தான் தருகின்றன. 2014-ல் பெண்களுக்கென்று வந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32 ரகமே. லைசென்ஸுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தேர்தல் அறிவித்தால் அவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தடைசெய்யப்பட்ட ரகத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. 'தெரிஞ்சவர் மூலமா கிடைக்கும்' என்று யாராவது மெசேஜ் அனுப்பினால், இந்த ஒரு வரி போதும்.

சுடும் ஆசையைத் தீர்த்துக்கொள்ள நேர் வழி ரைஃபிள் கிளப். நடிகர் அஜித்குமார் அந்த வழியில் போனவர்தான். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் அவர் 4 தங்கமும் 2 வெண்கலமும் வாங்கியபோது, அவரைப் பார்க்கவே ரசிகர்கள் திரண்டார்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பக்கத்துக் கோவையிலேயே கிளப் இருக்கிறது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அந்தப் போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதியே கிடையாது. பழைய பள்ளமும் முனையும்தான். அங்கே 10 மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சுமாராக ஒரு சட்டைப் பொத்தான் அளவு.