கிளாட்ஸ்டனின் சொல்லும் செயலும்

அமைச்சனுக்குரிய இயல்புகளை வகுத்துரைக்கப் புகுந்த வள்ளுவனார் சொல்வன்மையை முன்னும் வினைத்திட்பத்தைப் பின்னுமாக வைத்தார். ஆயினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினாரல்லர். இடையே வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தை அமைத்தார். நாவன்மையும் செயல்வன்மையும் ஒருவனிடத்தே கூடியிருந்தும், இடைநின்ற தூய்மை நழுவுமாயின் அவன் பெருமை என்னாகும்? ஆங்கில நாட்டு அரசியலாளர் வில்லியம் கிளாட்ஸ்டனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறும்.

1809 இல் லிவர்ப்பூலிற் பிறந்த கிளாட்ஸ்டன், 1832 இல் பாராளுமன்றம் புகுந்து, 1868 க்கும் 1894 க்கும் இடையில் நான்கு முறை பிரதம மந்திரியாக விளங்கினார். ஹோமரின் காப்பியங்களில் வரும் நிறப்பெயர்களையும் விடாது ஆராய்ந்து, 1858 இல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்ட புலமையாளர் அவர். சொல்லின் நிறையை அறியாதவரல்லர்.

எனினும், 1833 இல் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய கன்னியுரை, தெமராராவிலே தம் தந்தையாருக்கிருந்த தோட்டத்தில் அடிமைகள் வருத்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டை மறுத்து எழுந்தது. அடிமைமுறை ஒழிந்தபோது தந்தையார் 100,000 பவுணுக்கு மேல் நட்டஈடு பெற்றார். பழமை பேணும் கட்சியிலே தொடங்கிய மகன், காலப்போக்கில் தாராளக் கட்சியின் தலைவரானார்.

அவருடைய நாவன்மை உச்சம் பெற்றது மிட்லோதியன் தொகுதியிலே. 1878 இல் டிஸ்ரேலியின் அரசாங்கம் ஆப்கானிஸ்தானத்தின்மீது படையெடுத்தது. மறு ஆண்டு நவம்பரில் ஸ்கொத்லாந்து சென்ற கிளாட்ஸ்டன், டால்கீத் என்னும் ஊரில், வாக்குரிமையற்ற மகளிரை நோக்கிப் பேசினார். பனிமூடிய ஆப்கானிய மலைச்சிற்றூர்களில் வாழ்வோரின் உயிர், இறைவன் திருமுன் உங்கள் உயிரினும் புனிதம் குறைந்ததன்று என்பது அன்றைய உரையின் சாரம். பேரரசு தன் வலிமையிலே செருக்குற்றிருந்த நாளில், தேர்தலுக்கு வாக்குத் தேடி நின்ற ஒருவர் அயலாரின் உயிரைத் தம்மவர் உயிரோடு ஒருதட்டில் வைத்துப் பேசியது எளிய செயலன்று. 1880 இல் மக்கள் அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர்.

சொல்லைச் செயலாக்கும் காலம் வந்தது. இந்தியமொழிப் பத்திரிகைகளை ஒடுக்க 1878 இல் இயற்றப்பட்ட சட்டத்தை எதிர்க்கட்சியிலிருந்து கண்டித்தவர் அவர். அவர் அனுப்பிய ரிப்பன் பிரபுவின் ஆட்சியில், 1882 இல் அச்சட்டம் நீங்கிற்று. இந்த அளவில் சொல் காப்பாற்றப்பட்டது.

ஆனால் அதே 1882 இலேயே எகிப்து குறுக்கிட்டது. அந்நாட்டில் கால்வைத்தல், ஆபிரிக்கப் பேரரசு ஒன்று பொரிக்கும் முட்டையாக முடியும் எனும் கருத்துப்பட 1877 இல் எழுதி எச்சரித்தவர் கிளாட்ஸ்டனே. ஐரோப்பியக் கடன்காரர் பிடியிற் சிக்கிய நாட்டை மீட்க அராபி பாஷா கிளர்ந்தெழுந்தார். அலெக்சாந்திரியாக் கலவரத்தில் ஐரோப்பியர் மாண்டனர். சூயஸ் கால்வாயைப் பற்றிய அச்சமும் சேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்டுகிறோம் என்பது கிளாட்ஸ்டன் தரப்பு நியாயம். ஜூலை 11 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவின்மீது குண்டுமழை பொழிந்தது. ஜோன் பிரைட் மந்திரிப் பதவியைத் துறந்து வெளியேறினார். செப்டெம்பரில் தெல் எல் கெபீரில் அராபி முறியடிக்கப்பட்டார். கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அப்போது எகிப்தியக் கடன்பத்திரங்களாக இருந்தது. அதன் பொருட்டே அவர் போர் தொடுத்தார் எனல் மிகைக்கூற்றாகும். ஆயினும் வினைத்தூய்மை பற்றிய வினா ஈண்டு எழாமற் போகாது. விரைவில் வெளியேறுவோம் என்று வாக்களித்து நுழைந்த படை, 1956 இலேதான் முற்றாக வெளியேறிற்று.

இவ்வளவோடு அவரை எடைபோட்டு முடித்தல் நீதியன்று. 1881 இல் அயர்லாந்துத் தலைவர் பார்னெலைச் சிறையிட்ட அதே கிளாட்ஸ்டன், 1886 இல் அந்நாட்டுக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். கட்சி பிளந்தது; 341 க்கு 311 வாக்குகளால் மசோதா வீழ்ந்தது; பதவியும் போயிற்று. 83 ஆம் வயதில், 1893 இல், மீண்டும் கொணர்ந்தார். மக்கள் சபை ஏற்றதைப் பிரபுக்கள் சபை 419 க்கு 41 வாக்குகளால் எறிந்தது. எகிப்திலே வென்று சொல்லை இழந்தவர், அயர்லாந்திலே தோற்றுச் சொல்லைக் காத்தார்.

1898 இல் கிளாட்ஸ்டன் மறைந்தார். மாணவர்க்குச் சொற்பொழிவுக் கலை கற்பிக்கும் நாம், டால்கீத் உரையைப் படிப்பிக்கும்போது அதன் ஓசையையும் அமைப்பையும் மட்டும் சுட்டிக்காட்டி அமைதல் போதாது. 1882 இன் நிகழ்ச்சிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தல் வேண்டும். அலெக்சாந்திரியாவில் நடந்தது பிழை என்று காட்ட வேறு சான்று தேடவேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் வாயிலிருந்து பிறந்த சொல்லே போதும். பெருஞ்சொல் ஒன்றைப் பேசியவன், அதனால் அளக்கப்படுவதற்கும் உடன்பட்டவனாகிறான்.