ஊர் மறவாத கடிகாரங்கள்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மாநகரத்துக் கைவினைஞர் ஒருவர் செய்த சூரியக் கடிகாரம் ஒன்று, மூன்று அங்குல நீளங்கூட இல்லாத எண்கோண வெள்ளித் தகடாக நம் உள்ளங்கையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு கோடியில் கண்ணாடி போட்ட சிறு கிண்ணமும், கிண்ணத்துக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும் காந்த ஊசியும் இருக்கும்; எஞ்சிய இடத்திலெல்லாம் நுண்ணிய கோடுகளும் ரோமானிய எண்களும், ஒரு வரிசைக்குள் மற்றொரு வரிசையாக மூன்று நான்கு அடுக்குகளில் செதுக்கப்பட்டிருக்கும். தகட்டின்மேல் படிந்து கிடக்கும் முக்கோணத் துண்டை நகத்தால் நெம்பி நிறுத்தினால், அதன் அருகே ஒரு சிறு பறவையும் எழுந்து நிற்கும். முக்கோணத்தை உயர்த்தவும் தாழ்த்தவும், அந்தப் பறவையின் அலகு, முக்கோணத்தின் பக்கவாட்டில் 40 முதல் 60 வரை பொறித்திருக்கும் பாகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டும். தகட்டைத் திருப்பினால் பின்புறம் முழுவதும் ஊர்ப் பெயர்கள்: பாரிஸுக்கு 49, ரோமுக்கு 42 என்று ஒவ்வோர் ஊருக்கும் எதிரே அதன் அட்சரேகை. பிரயாணி எந்த ஊரில் வந்து இறங்குகிறானோ அந்த ஊரின் எண்ணுக்கு அலகைப் பொருத்தி, ஊசியின் உதவியால் தகட்டை வடக்கு நோக்கி வைத்து, அந்த ஊருக்கு ஏற்ற வரிசையில் நிழல் எந்தக் கோட்டின்மேல் விழுகிறதென்று பார்த்து மணியை அறிந்துகொள்வான்.

இந்த ஜாதிக் கடிகாரத்துக்குப் பட்டர்ஃபீல்டு கடிகாரம் என்பது சேகரிப்போர் வழங்கும் பெயர். இங்கிலாந்தில் பிறந்து, பாரிஸில் குடியேறி, அங்கேயே 1724-இல் காலமான மைக்கேல் பட்டர்ஃபீல்டு என்ற கருவி வல்லுநர் இந்த அமைப்பைப் பிரசித்தமாக்கினார். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னரும் பாரிஸ் நகரத்து மற்றக் கைவினைஞர்கள் பலர் அதே அமைப்பில் செய்து தத்தம் பெயரைப் பொறித்தார்கள் என்றாலும், எல்லாவற்றுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பழைய சூரியக் கடிகாரங்களைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இந்தக் கலையின் ரகசியம் முழுவதும் அந்தப் பறவையின் அலகில் அடங்கியிருக்கிறது.

நிழலைக் கொண்டு மணி சொல்ல வேண்டுமானால், நிழல் தரும் முள் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதாவது, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். லண்டனுக்குச் செய்த கடிகாரத்தில் முள் 51½ பாகை நிமிர்ந்து நிற்கும். சென்னைக்கு ஒன்று செய்தால் 13 பாகைதான், ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றினாலும், கிடைமட்டமான தகட்டில் மணிக்கோடுகள் சமமான இடைவெளியில் அமைவதில்லை. லண்டன் தகட்டில் நண்பகல் கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் நடுவே சுமார் 12 பாகை இருக்கும். சென்னைத் தகட்டிலோ அது மூன்றரைப் பாகையாகச் சுருங்கிப்போகும். அதற்கு ஈடாக, மாலை ஐந்து மணிக் கோட்டுக்கும் ஆறு மணிக் கோட்டுக்கும் இடையே லண்டனில் 19 பாகையே இருக்க, சென்னையில் 50 பாகை அகன்று கிடக்கும். ஆகவே, ஒரு தகட்டின்மேல் கோணமானியை வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அதில் ஊர்ப் பெயர் எழுதியிராவிட்டாலும், அது எந்த ஊருக்கென்று பிறந்ததோ அந்த ஊரின் அட்சரேகை தெரிந்துவிடும். வேறு எந்தப் பழம்பொருளும் தன் பூர்வீகத்தை இவ்வளவு துல்லியமாகத் தன் உடம்பிலேயே தாங்கி வருவதில்லை. இந்தப் பொருளின்மேல் எனக்குள்ள பிரியம் முக்கியமாக இதைப் பற்றியதே.

பிரயாணத்துக்கென்று செய்தவை, ஓரிடத்தில் நிறுத்துவதற்கென்று செய்தவை என்று சூரியக் கடிகாரங்கள் இரு வகைப்படும். முதல் வகையில், அழகிலும் நுட்பத்திலும் தலைசிறந்தவை ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட தந்தக் கடிகாரங்கள். உள்ளங்கையளவுள்ள இரண்டு தந்தப் பலகைகளைக் கீல் போட்டு இணைத்திருப்பார்கள். மூடினால் ஒரு சிறு புத்தகத்தின் வடிவம். செங்கோணமாகத் திறந்தால் இரு பலகைகளுக்கும் நடுவே ஒரு நூல் விறைத்து நிற்கும். அந்த நூலே முள். மேற்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் இட்டிருப்பதால், ஊருக்குத் தக்கபடி நூலை ஏற்றியும் இறக்கியும் கட்டலாம். இதுவே போதுமான சாமர்த்தியம் என்று அந்தக் கைவினைஞர்கள் நினைக்கவில்லை. குத்தூசி நட்ட சின்னஞ்சிறு வட்டங்களை எஞ்சிய இடத்தில் அமைத்து, சூரியாஸ்தமனத்திலிருந்து எண்ணும் இத்தாலிய மணியையும், சூரியோதயத்திலிருந்து எண்ணும் பாபிலோனிய மணியையும் தனித்தனியே காட்டினார்கள். ஓர் எல்லை தாண்டினால் மணி எண்ணும் சம்பிரதாயமே மாறிவிடும் காலத்தில், வியாபாரிக்கு அது வீண் அலங்காரமன்று. வெளிப்பலகையில் சந்திரனுக்கென்று ஒரு சுழல்தட்டை வைத்து, நிலவின் நிழலைக் கொண்டு இரவிலும் மணி கணிக்க வழி செய்தார்கள். எண்களையும் கோடுகளையும் தந்தத்தில் குழித்து, கறுப்பும் சிவப்புமாக மை நிரப்பியிருக்கிறார்கள்; நானூறு ஆண்டுகள் கழிந்தும் பல கடிகாரங்களில் அந்தச் சிவப்பு மங்காமல் இருக்கிறது. இந்தத் தொழில் சில குடும்பங்களில் வழிவழியாக நடந்தது. டூகர் குடும்பத்தாருக்குப் பாம்பு, ரைன்மன்னுக்குக் கிரீடம், டிரோஷலுக்குப் பூங்குருவி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. பெயர் அழிந்துபோன பலகையிலும் முத்திரை பிழைத்திருந்தால் செய்தவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தந்தத்துக்குப் பின் ஆக்ஸ்பர்க் நகரத்துப் பித்தளைக் கடிகாரங்கள் வந்தன. யோஹான் மார்ட்டின், வில்லெப்ராண்டு முதலியோர் செய்த இவை, தோல் உறைக்குள், ஊர்களின் அட்சரேகை அச்சிட்ட காகிதத்தோடு கிடைக்குமானால் மதிப்பு அதிகம். ஆரம்பச் சேகரிப்பாளருக்கு எட்டக்கூடிய விலையில் அவ்வப்போது ஏலத்துக்கு வருபவையும் இவைதாம். காந்த ஊசியே தேவைப்படாமல், சூரியனின் உயரத்தை மட்டும் கொண்டு மணி சொல்லும் இனம் ஒன்றும் உண்டு. அவற்றுள் மிகப் பழைமையான விசித்திரம், வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் புதைந்த ஹெர்குலேனியத்தில் 1755-இல் தோண்டியெடுத்து, இன்று நேப்பிள்ஸ் பொருட்காட்சிசாலையில் வைத்திருப்பது: உப்பிட்டுத் தொங்கவிட்ட பன்றித் தொடையின் உருவத்தில் வார்த்த வெண்கலம்; வாலின் நுனி நிழல் தர, உடம்பில் மாதங்களுக்கென்று வகுத்த கோடுகளில் மணியைப் படிக்க வேண்டும்.

கூடவே போலிகளும் சந்தையில் உலவுகின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது தகாது. இங்கிலாந்துத் தோட்டங்களுக்கென்று பழைய பாணியில் வார்த்த பித்தளைத் தகடுகளில், பழைய ஆண்டையும் துணிந்து பொறித்து விற்றவர்கள் பலர். அவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். மணிக்கோடுகளைச் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சம இடைவெளியில் போட்டிருந்தால் அது மணி காட்டப் பிறந்ததன்று. முள் ஓர் அட்சரேகையையும் கோடுகள் வேறோர் அட்சரேகையையும் சொன்னால், முள்ளாவது தகடாவது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. திசைகாட்டியுள்ள கடிகாரமாயின் கிண்ணத்தின் அடியில் காந்த ஊசியின் சாய்வைக் குறிக்கும் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லண்டனில் ஊசி 1580-ஐ ஒட்டிக் கிழக்கே சுமார் 11 பாகை சாய்ந்து, 1660-ஐ ஒட்டி நேர்வடக்கைக் காட்டி, 1820-ஐ ஒட்டி மேற்கே 24 பாகைவரை சென்றிருக்கிறபடியால், அந்தக் கோடே காலத்தைச் சொல்லிவிடும். இன்னொன்று, சூரியனின் மணிக்கும் இயந்திரக் கடிகாரத்தின் மணிக்கும் உள்ள வேறுபாட்டு அட்டவணை. நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் 16 நிமிஷம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் பிந்தியும் இருக்கும். வருஷத்தில் நான்கே நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும். அந்த நாட்களில் ஒன்று இப்போது ஏப்ரல் 15-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் இங்கிலாந்து 1752-இல் பஞ்சாங்கத்தைத் திருத்தி 11 நாட்களைத் தள்ளிவிட்ட தேசமாகையால், அதற்கு முந்திய ஆங்கிலத் தகட்டில் அது ஏப்ரல் 4-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். 1730 என்று பொறித்துக்கொண்டு ஏப்ரல் 15-ஐக் காட்டும் தகட்டைச் சந்தேகியாமல் இருக்க முடியாது. கணிதம் வேண்டாத சோதனையும் ஒன்று உண்டு: ராபர்ட் பிரௌனிங் 1864-இல் வெளியிட்ட ரப்பி பென் எஸ்ரா என்ற கவிதையின் முதலடி, முதுமையை அன்போடு வரவேற்கும் அடியாகையால், தோட்டக் கடிகாரங்களுக்கு மிகவும் பிரியமான வாசகமாகிவிட்டது, அந்த அடியையும் 17-ஆம் நூற்றாண்டு ஆண்டு ஒன்றையும் ஒருங்கே தாங்கிய தகட்டைப் பற்றி மேலே ஆராய வேண்டுவதில்லை.

உண்மையான பழம்பொருள் கைக்கு வந்தால் அதை மினுக்கக் கூடாது. பித்தளையின்மேல் படிந்த பழுப்பு அழுக்கன்று. ஒவ்வொரு தேய்ப்பிலும் பொறிப்பின் விளிம்பு மழுங்குகிறது, சில தலைமுறை பணியாளர்களின் சிரத்தையான துலக்கலால் எண்களே மறைந்துபோன தகடுகள் இங்கிலாந்தில் ஏராளம். தந்தக் கடிகாரத்தை வாங்க நினைப்பவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022-இல் அமலுக்கு வந்தபின், 1918-க்கு முந்திய, கலைச் சிறப்போ வரலாற்றுச் சிறப்போ மிகுந்த பொருள் என்று சான்றிதழ் பெற்றால்தான் இவற்றை விற்க முடியும். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கே இடமில்லை. யானையின் உயிரை நினைக்கும்போது இந்தக் கட்டுப்பாடு நியாயமானதென்றே கருதுகிறேன்; நூரம்பர்க் வேலைப்பாட்டைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்து மகிழ்வதில் குறையொன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான வரலாற்றுப் பொருட்காட்சிசாலை 1925-இல் திறக்கப்பட்டதே, காகித ஆலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த லூயிஸ் எவான்ஸ் தம் ஆயுள் முழுவதும் சேகரித்த சூரியக் கடிகாரங்களையும் கருவிகளையும் பல்கலைக்கழகத்துக்கு மனமுவந்து அளித்ததால்தான். கிரீட் தீவின் நோஸஸ் அரண்மனையை அகழ்ந்து கண்ட ஆர்தர் எவான்ஸின் சகோதரர் இவர். தமையனின் புகழ் உலகெங்கும் பரவ, தம்பியின் பெயரைக் கருவிப் பிரியர்கள் மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

கடிகாரத்தைச் சார்ந்த பிற பொருள்களையும் சேகரிப்பவர் உண்டு. பாரிஸின் பலே ரோயால் தோட்டத்தில் 1786-இல், பூதக்கண்ணாடியின் வழியே குவியும் நண்பகல் வெயிலால் தானே வெடிக்கும் சிறு பீரங்கி ஒன்றை நிறுவினார்கள். அதே தத்துவத்தில், சலவைக்கல் பலகையில் சூரியக் கடிகாரமும் கண்ணாடியும் கட்டைவிரலளவுப் பீரங்கியும் பொருத்திய வீட்டுக் கருவிகளும் செய்யப்பட்டன, இன்று அவற்றுக்குப் போட்டி பலமாக இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸின் உத்தரவுப்படி 1787-இல் அடித்த செப்புக் காசின் ஒரு பக்கத்தில், சூரியனும் அதன்கீழ்ச் சூரியக் கடிகாரமும், ஓடிப்போகிறேன் என்று காலம் சொல்வதாக ஒரு லத்தீன் சொல்லும் இருக்கின்றன. மறுபக்கத்தில் 13 வளையங்கள் கோத்த சங்கிலி. புதிதாகப் பிறந்த ஒரு தேசம் தன் முதற்காசுகளில் அரசனின் முகத்தை விட்டுவிட்டு நிழலைப் பொறித்துக்கொண்டது எனக்கு மிகவும் உவப்பான செய்தி.

இனி, நிறுத்தி வைக்கப்பட்ட கடிகாரங்களைப் பற்றி. தோட்டத்துத் தூணிலும் தேவாலயத்துச் சுவரிலும் இருந்தவற்றைப் பெயர்த்தெடுத்து விற்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இரவோடு இரவாகத் திருடு போனவையும் பல. பணங்கொடுத்து முறையாக வாங்கியவர்கூட இதில் ஒரு தவறு செய்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பட்டர்ஃபீல்டு செய்ததை, அதில் பொறித்த பாகைகளின் எல்லைக்குள் எங்கே கொண்டுபோனாலும் அலகைத் திருப்பிவிட்டால் அது மணி சொல்லும். யார்க்ஷயர் தோட்டத்துக்கென்று அளந்து வார்த்த தகட்டை வேறு தேசத்து வரவேற்பறையில் வைப்பது, ஒரு நிலைக்கு அளவெடுத்துச் செய்த கதவைக் கழற்றி வேறொரு வீட்டு நிலையில் சாத்திவைப்பதாகும். சுவர்க் கடிகாரத்தின் கதி இன்னும் பரிதாபம். சுவர் நேர்தெற்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருந்ததோ அதற்கென்றே கணக்கிட்ட கோடுகள், சுவர் போனபின் எவருக்கும் பயன்படுவதில்லை.

இதற்கு மாறான ஒரு சேகரிப்பை, யார்க்ஷயரில் எக்கிள்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் பாதிரியார் மனைவியும், குழந்தைகளுக்குக் கதைகள் எழுதியவருமான மார்கரெட் காட்டி செய்துகாட்டினார். கடற்பாசிகளைப் பற்றியும் நூல் எழுதிய இந்த அம்மையார், சூரியக் கடிகாரங்களில் பொறித்த வாசகங்களைக் குறித்துக்கொள்வதில் பெருவிருப்பம் கொண்டு, தாம் கண்டவற்றோடு, பிரயாணம் சென்ற நண்பர்கள் எழுதி அனுப்பியவற்றையும் சேர்த்து, 1872-இல், அதாவது தாம் மறைவதற்கு முந்திய ஆண்டில், சூரியக் கடிகாரங்களின் புத்தகம் என்ற நூலாக வெளியிட்டார். பின்வந்தோர் அதை விரிவுபடுத்திப் பல முறை பதிப்பித்தார்கள். அவர் வழியிலேயே, 1989-இல் தோன்றிய பிரிட்டிஷ் சூரியக் கடிகாரச் சங்கத்தார், ஓரிடத்தில் நிலைத்த கடிகாரங்களுக்கென்று ஒரு பதிவேட்டை வைத்து வளர்த்துவருகிறார்கள். அதன் அங்கத்தினர்கள் கிராமத்துத் தேவாலயங்களுக்குச் சென்று, தெற்குச் சுவரின் கல்லில் இடைக்காலத்தில் கீறிவிட்ட, முள்ளும் எண்ணும் இல்லாத அரைவட்டங்களைக்கூட விடாமல் அளந்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள்.