உங்களுக்குத் தெரியுமா? இரண்டு அணைகளை இடித்தும் மின்சாரம் குறையவில்லை!

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓடுகிறது பெனோப்ஸ்காட் ஆறு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன்களின் பாதையை அணைகள் தலைமுறை தலைமுறையாக அடைத்திருந்தன. மீன் வேண்டுமா, மின்சாரம் வேண்டுமா என்று நீண்டகாலம் வழக்காடியவர்கள், அதாவது மின் நிறுவனம், ஆற்றின் பெயரையே தாங்கிய பழங்குடியினர், சூழல் அமைப்புகள், அரசுகள் எல்லோரும் 2004இல் ஒரே ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் ஒவ்வோர் அணையையும் தனியாகப் பார்க்காமல், ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். கடலுக்கு மிக அருகில் இருந்த இரண்டு அணைகள்தான் மீன்களுக்குப் பெருந்தடை. எனவே கிரேட் வொர்க்ஸ் அணை 2012இலும், வீஸி அணை 2013இலும் அகற்றப்பட்டன. ஹௌலேண்ட் அணை அப்படியே நின்றது. அதைச் சுற்றி, இயற்கை ஓடை போலக் கற்கள் பதித்த கால்வாய் வெட்டினார்கள். மில்ஃபோர்டு அணையில் மீன்களுக்கே ஒரு லிஃப்ட்! தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் நீந்தி வரும் மீன்களை அப்படியே மேலே தூக்கி, அணைக்கு அப்பால் விடுகிறது. இழந்த மின்சாரத்தை மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டி ஈடுகட்டினார்கள்.

மத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஏல்வைஃப் போன்ற மீன்கள் முன்பு ஆண்டுக்குச் சில ஆயிரமே திரும்பின. சில ஆண்டுகளிலேயே அது 10 லட்சத்தைத் தாண்டியது. சால்மன் மட்டும் இன்னும் குறைவாகவே வருகிறது.