காற்றை அடைக்கும் கருவி: வீட்டிற்கு எது தகும்?

காற்றுத் துப்பாக்கி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவிற்கு வருவது, திருவிழாக் கடைகளில் பலூன்களை வரிசையாகக் கட்டிவைத்துச் சுடச் சொல்வார்களே, அந்தத் துப்பாக்கிதான். அதனுள் இருப்பது ஒரு சுருள்வில். குழலை மடக்கி நிமிர்த்தினால் வில் சுருங்கும். விசையை இழுத்தால் அது விரிந்து உந்துதண்டைத் தள்ளும். அத்தண்டு அழுத்தும் காற்று ரவையை வெளியே செலுத்தும். இன்று போட்டிகளிற் பயன்படும் துப்பாக்கியோ வேறு இனத்தைச் சேர்ந்தது. அதன் குழலுக்கு அடியில் ஒரு சிறிய உருளை உண்டு. அதில் முன்கூட்டியே காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து அளந்துவிட்டாற்போல் சிறிது காற்று மட்டும் வெளிவரும். வில் துள்ளுவதில்லை, ஆகவே குறியும் அசைவதில்லை.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவிற்குத் தனியொருவராக முதல் ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டித் தந்ததும், 2012இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் பெற்றதும் இவ்வகைத் துப்பாக்கியால்தான். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவர்களினும் அணுக்கமான ஒருவர் உண்டு. கடலூரிற் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளிலும் பத்து மீட்டர் துப்பாக்கிப் போட்டியிற் பங்கேற்ற இளவேனில் வாலறிவனே அவர். அவர் பெயரைச் செய்தித்தாளிற் கண்டபிறகு நம் வீட்டுப் பெண்களிடத்தும் இவ்வாசை பரவியிருப்பதில் வியப்பில்லை.

மட்டாஞ்சேரியில் நமக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. மிளகும் சுக்கும் ஏற்றுமதியாகும் கிடங்குகளில் மூன்று தலைமுறையாகக் கணக்கெழுதி வந்த குடும்பம். அவ்வீட்டுப் பெண் கல்லூரி அணிக்குத் தெரிவாகியிருக்கிறாள். கடன் பெற்றுத் துப்பாக்கி வாங்கியாயிற்று. வீட்டை ஒட்டிய பழைய கிடங்கு நீளமானது. பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். காற்றுக்குத்தான் வழியில்லை. சுடுதளத்திற்குச் சென்றால் நிரப்பிக் கொடுப்பார்கள். அதற்காக வாரத்தில் இருமுறை பாலம் கடந்து செல்வது இயலாது. தந்தையார் நம்மிடம் கேட்டார்: “ஐயா, தெருமுனையில் சைக்கிளுக்கும் காருக்கும் காற்றடிக்கிறானே, அவனிடம் கொடுத்தால் ஆகாதா?”

நாம் பொறியியல் கற்றவரல்லோம். ஆயினும் அரசாங்கக் கோப்புகளில் அழுத்தத்தைப் பற்றிய விதிகளைப் பல்லாண்டுகளாகத் தமிழாக்கி வருகிறோம். பெயர்க்கும் பொருட்டு விளங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரித்துரைக்கிறோம்.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். காரின் சக்கரத்தில் நிரப்புவது அதற்கு மேல் 2 பாருக்குச் சற்று அதிகம். சக்கரக் கடைக்காரர் பி.எஸ்.ஐ. என்னும் அளவில் 32 என்பார். அவருடைய எந்திரம் முயன்றால் 8 அல்லது 10 பார் வரை தரும். போட்டித் துப்பாக்கியின் உருளைக்கு வேண்டுவதோ 200 பார். அதாவது, ஒரு கட்டைவிரல் நகத்தளவு பரப்பின்மேல் ஏறக்குறைய 200 கிலோகிராம் பாரம்! ஆகவே தெருமுனைக் கடை இதற்கு உதவாது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ. சில கருவிகளின் முகப்பில் ஓர் அளவும், துப்பாக்கியின் மேல் மற்றோர் அளவும் எழுதியிருக்கும். 200 பார் என்பதும் 2,900 பி.எஸ்.ஐ. என்பதும் ஒன்றே. இரண்டையும் குழப்பிக்கொண்டு நிரப்புவதினும் நிரப்பாதிருத்தல் நன்று.

இனி, எவ்வளவு காற்று வேண்டும்? வாங்குவோர் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இது. அப்பெண்ணின் துப்பாக்கி உருளையின் கொள்ளளவு 200 மில்லிலிட்டர். அழுத்தம் 100 பாருக்கு இறங்கியவுடன் மீண்டும் 200க்கு ஏற்றுவதாகக் கொள்வோம். அதற்கு வெளிக்காற்றில் 20 லிட்டர் போதும். ஒரு குடிநீர்க் கேன் அளவுதான். இவ்வளவில் பொதுவாக இருநூறு முறை சுடலாம். ஒரு போட்டிக்கு அறுபது குண்டுகள் என்பதால், நாள்தோறும் ஒரு போட்டியளவு பயிற்சி செய்தாலும் வாரத்திற்கு இரண்டு முறை நிரப்பினாற் போதும். இவ்வளவு சிறிய தேவைக்கு எவ்வளவு பெரிய எந்திரம் வேண்டும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்க விடலாகாது.

வழிகள் மூன்று. முதலாவது கைப்பம்பு. பார்வைக்குச் சைக்கிள் பம்பைப் போன்றதே. ஆனால் உள்ளே ஒன்றனுள் ஒன்றாக மூன்று படிகள். முதற்படி அழுத்திய காற்றை இரண்டாம் படியும், அதனை மூன்றாம் படியும் மேலும் அழுத்தும். கடைசிப் படியின் குழல் மிகக் குறுகியது; ஆதலால்தான் மனித உடலின் எடையைக் கொண்டே 200 பாரை எட்ட முடிகிறது. கைவலிமையால் அடிப்பவர் விரைவிற் களைப்பார். கைகளை நீட்டிவைத்து உடலைச் சாய்த்து இறக்குபவர் களைப்பதில்லை. நாம் சொன்ன அளவிற்கு ஏறக்குறைய நூறு இழுப்பு ஆகலாம். இடையில் நிறுத்திப் பம்பை ஆறவிட வேண்டும். சூடேறினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படையினர் ஜிராண்டோனி என்பார் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போர்க்களத்திற்கே கொண்டுசென்றனர். அதன் உருளையை ஒருமுறை நிரப்ப ஆயிரத்தைந்நூறு இழுப்பு வேண்டியிருந்ததாம். அச்சிப்பாய்களை எண்ணிப் பார்த்தால் நம் நூறு இழுப்பு பெரிதன்று.

இரண்டாவது, மின்சாரக் கம்ப்ரசர். காரின் பேட்டரியில் ஓடும் சிறிய வகையும் உண்டு. நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் பெரிய வகையும் உண்டு. பெரியது 1,800 வாட் அளவு மின்சாரம் இழுக்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர். விளக்குக்கும் வானொலிக்கும் உரிய 6 ஆம்பியர்ச் சொருகியில் இதனைப் பொருத்துவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மின்கம்பிகளின் வயது வீட்டுக்காரருக்கே தெரியாது; முதலில் மின்பணியாளரை அழைத்துக் காட்டுக. ஓசையும் பொருட்படுத்தத் தக்கது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அண்டை வீட்டாரின் பொறுமையும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே.

மூன்றாவது, பெரிய உருளை ஒன்றில் காற்றை வாங்கிவைத்து அதிலிருந்து துப்பாக்கிக்கு மாற்றுவது. நீரில் மூழ்குவோரும் தீயணைப்புப் படையினரும் முதுகிற் சுமப்பது இத்தகைய உருளையே. மூழ்குவோரின் அலுமினிய உருளை ஏறக்குறைய 11 லிட்டர் கொள்ளும். அழுத்தம் 200 பார். கேட்பதற்கு நன்றாயிருக்கும். ஆனால் இரண்டு கலங்களை இணைத்தால் நீர்மட்டம் சமமாவது போல, அழுத்தமும் சமமாகி நின்றுவிடும். முதல் முறையே துப்பாக்கியில் 198 பார்தான் ஏறும். பத்தாம் முறை ஏறக்குறைய 184. அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே போகும். தீயணைப்புப் படையினரின் கரியிழை உருளை 300 பார் தாங்கும். 6.8 லிட்டர் கொள்ளும் அத்தகைய உருளை, 200க்கு இறங்குமுன் துப்பாக்கியை ஏறக்குறைய முப்பத்துநான்கு முறை முழுமையாக நிரப்பிவிடும். நான்கு மாதக் கவலை தீரும்.

ஆயினும் இம்மூன்றாம் வழியில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, அதில் உறங்கும் ஆற்றல். 6.8 லிட்டர் உருளையில் 200 பார் காற்று இருந்தால்கூட, அது முழுவதும் வெளிப்படும்போது செய்யக்கூடிய வேலை, ஒரு டன் எடையுள்ள காரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் செய்வதற்கு ஒப்பாகும். அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு குழந்தைகளை விளையாட விடுவதா? மற்றொன்று சட்டம். 2016ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள், அரை லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கலத்தையே உருளை எனக் கருதுகின்றன. துப்பாக்கியின் சிற்றுருளை அதற்குள் வாராது. பெரிய உருளை வரும். அதனை நிரப்ப உரிமம் வேண்டும். உருளையும் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்றதாயிருத்தல் வேண்டும். அதன் மேற்புறத்திற் பொறித்துள்ள நீரழுத்தச் சோதனைத் தேதி கடந்துவிட்டால் நேர்மையான நிலையத்தார் தொடவும் மாட்டார்கள். கொச்சி கடற்படையினரின் மூழ்குபயிற்சிப் பள்ளி அமைந்த ஊர். கப்பற் பழுது பார்க்கும் தொழிலும் செழித்த ஊர். உரிமம் பெற்று மூச்சுக்காற்று நிரப்பும் தனியார் இடம் அருகிற் கிடைத்தால், உருளையை அங்கு நிரப்பி வாங்குவதே முறை. வீட்டுக் கம்ப்ரசரால் பெரிய உருளையை நிரப்புவது முறையன்று.

இங்கேதான் ஊரின் தட்பவெப்பமும் குறுக்கிடுகிறது. உப்பு ஜாடி ஆனி மாதத்தில் நீர் விட்டுக்கொள்வதையும், டப்பாவைத் திறந்த சற்று நேரத்தில் அப்பளம் தளர்ந்துவிடுவதையும் கொச்சிவாழ் தமிழ்ப் பெண்மணிகள் நன்கறிவர். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். கொச்சியின் ஈரக்காற்றில் 24 கிராம் இருப்பது இயல்பு. அக்காற்றை 200 பாருக்கு அழுத்தினால் 5 லிட்டராகச் சுருங்கும். அச்சிறிய இடம் மிகச் சிறிதளவு ஆவியையே தாங்கும். எஞ்சியதெல்லாம் நீராகச் சொட்டிவிடும். நம் துப்பாக்கிக்கு ஒருமுறை அடைக்கும் 20 லிட்டரில் அரை கிராம், அதாவது பத்துத் துளி. ஆண்டிற்கு நூறு முறை நிரப்பினால் அரைக் குவளை நீர்! அது உருளையின் உட்சுவரை அரிக்கும். அழுத்தத்தைச் சீர்படுத்தும் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கும். கோவையிலோ பெங்களூரிலோ வாழ்பவருக்கு இத்துணைத் தொல்லை இல்லை.

ஆகையால் எக்கருவியை வாங்கினும் அதனோடு நீர்பிரிப்பானும் உலர்த்தும் வடிகட்டியும் உண்டா என்று முதலிற் கேட்க வேண்டும். சிலிக்கா ஜெல் மணிகளில் நிறம் மாறும் வகை உண்டு. நிறம் மாறியதும் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கசிவுத் திருகை ஒவ்வொரு முறையும் திறந்து, சேர்ந்த நீரை வெளியேற்றுக. மழை ஓய்ந்து வெயில் ஏறிய நடுப்பகலில் நிரப்புவது நன்று. சாக்கு உதறும் கிடங்கினுள் காற்றை உறிஞ்சவிடலாகாது. மிளகுத் தூசி நமக்குத் தும்மலைத் தரும், எந்திரத்திற்கு மரணத்தைத் தரும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். விரைந்து நிரப்பினால் உருளையிற் காற்றுச் சூடாகும். 50 பாகையில் 200 பார் காட்டிய முள், 30 பாகைக்கு ஆறியபின் 188இல் நிற்கும். கசிவு என்று எண்ணிக் கழற்றிப் பார்க்க வேண்டா. மாறாக, 30 பாகையில் 200 வரை நிரப்பிய துப்பாக்கியை வெயிலில் நிறுத்திய காரினுள் விட்டுவைத்தால், உள்ளே 60 பாகை ஏறும்போது அழுத்தம் 220ஐ எட்டும்.

எண்ணெயைப் பற்றிய எச்சரிக்கை இதனினும் பெரிது. டீசல் எந்திரத்தில் தீப்பொறியே இல்லாமல், அழுத்தத்தின் சூட்டினால் மட்டும் எண்ணெய் பற்றிக்கொள்கிறதன்றோ? தையல் எந்திர எண்ணெயைப் பம்பிலோ துப்பாக்கியின் வாயிலிலோ விட்டால் அதே வினை நிகழக்கூடும். தயாரித்தவர் குறித்த சிலிக்கோன் பசையைத் தவிர வேறெதுவும் ஆகாது. பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரை மாற்றியமைத்துத் தருவதாகச் சொல்வோர் உண்டு. விலை மலிவு, விளைவு கொடிது. பிராணவாயுவை நிரப்புவதையோ கனவிலும் கருதற்க.

இவற்றையெல்லாம் எடைபோட்டு அக்குடும்பத்திற்குக் கைப்பம்பையே பரிந்துரைத்தோம். தந்தையாருக்குச் சற்று ஏமாற்றம்; மகளுக்காக நல்ல எந்திரம் வாங்கவேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருந்தார். அப்பணத்தில் நல்ல வடிகட்டியும், துப்பாக்கியின் திருகுமரைக்கு ஏற்ற இணைப்பும், மாற்று ரப்பர் வளையங்களும் வாங்கலாம் என்றோம், எஞ்சியது ரவைகளுக்கு. பயிற்சியாளர்க்கு உண்மையிற் பற்றாமற் போவது ரவைதான். தோள்வலியோ முதுகுநோயோ உள்ளவர்க்கும், ஒரே வீட்டில் மூவர் நால்வர் சுடுபவர்க்கும் சிறிய கம்ப்ரசர் ஏற்றது. அப்போதும் துப்பாக்கிக்கு நேரே நிரப்பும் அளவோடு நிறுத்திக்கொள்க.

துப்பாக்கியைப் பற்றிய சட்டத்தையும் மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூலே. பெரிய துளையுள்ளவற்றை இணைத்து விற்கும் மலிவுத் தொகுதிகளைக் கண்டு மயங்கற்க. அவற்றின் காற்றுத் தேவையும் பன்மடங்கு.

பழைய துப்பாக்கியை ஒருவரிடமிருந்து வாங்குவோர் உருளையில் பொறித்த தேதியைக் கண்ணாடி அணிந்து படிக்க வேண்டும். உலகத் துப்பாக்கிச் சுடுதற் கூட்டமைப்பின் விதிப்படி காற்றுருளையின் ஆயுள் பத்தாண்டுகளே. அதற்கு மேற்பட்டதைப் போட்டித் தளத்திற் பயன்படுத்த விடமாட்டார்கள். புதிய உருளை தனியே வாங்கக் கிடைக்கும். விலை பேசும்போதே அத்தொகையைக் கழித்துப் பேசுக.