மலை உச்சியில் இருந்து பறக்க ஆசையா? காசு கொடுக்கும் முன்பு பெல்ட்டை பாருங்க!

ஸ்ரீபெரும்புதூர்:-

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள், சேர்ந்தாற்போல் 4 நாள் லீவு கிடைத்தால் கூட்டமாக டூர் கிளம்பி விடுகிறார்கள். இமயமலை பக்கம் போகிறவர்கள் 'பாராகிளைடிங்' பறக்காமல் திரும்புவது இல்லை. செல்போன் வீடியோவை ஊருக்கு அனுப்பினால்தான் அவர்களுக்கு திருப்தி.

ஆனால் இந்த ஆசை உயிரையும் பறித்து இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இமாசல பிரதேச மாநிலம் குலு அருகே, தெலுங்கானாவில் இருந்து வந்த இளம்பெண் நடுவானில் இருந்து விழுந்து பலியானார். பெல்ட்டை சரியாக மாட்டாததே காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் கூறப்பட்டது. பைலட் கைதானார். 2025 ஜனவரியில் அதே குலு மாவட்டத்தில், பாராகிளைடரில் பறந்த தமிழக வாலிபர் ஒருவரும் பரிதாபமாக இறந்தார்.

எப்படி பறக்கிறது?

பாராகிளைடருக்கு என்ஜின் கிடையாது. கம்பி, சட்டம் எதுவும் இல்லை. வெறும் நைலான் துணியும் கயிறும்தான். துணியின் முன்பக்கம் வரிசையாக வாய் திறந்த அறைகள் இருக்கும். மலைச்சரிவில் ஓடும்போது காற்று உள்ளே புகுந்து உப்பி, துணி விமான இறக்கை மாதிரி ஆகிவிடும். 1 மீட்டர் கீழே இறங்குவதற்குள் சுமார் 8 மீட்டர் முன்னால் போகும். வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்று கிடைத்தால் இறங்காமலே சுற்றலாம். கழுகு சிறகை அசைக்காமல் வட்டம் போடுவதும் இப்படித்தான்.

'விங்சூட்' வேறு. கை, கால் இடுக்கில் துணி வைத்து தைத்த வவ்வால் உடுப்பு அது. மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் சீறிப்பாயும். தரை இறங்க பாராசூட் கண்டிப்பாக வேண்டும்.

எவரெஸ்ட்டில் இருந்து...

2011 மே மாதம் நேபாளத்தை சேர்ந்த லக்பா செரி ஷெர்பா, சனோ பாபு சுனுவார் இருவரும் எவரெஸ்ட் உச்சியில் இருந்து ஒரே பாராகிளைடரில் பறந்து இறங்கினார்கள். ஒருவருக்கு மலை ஏற தெரியும். மற்றவருக்கு பறக்க தெரியும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நம்ம ஊரில் இருப்பதில் பாதிக்கும் குறைவுதான். அதனால் வேகமாக ஓடினால்தான் துணி தூக்கும்.

காற்று எப்போதும் நம் பேச்சை கேட்காது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் பறந்த ஜெர்மனி வீராங்கனை எவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,900 மீட்டர் உயரத்துக்கு இழுத்து சென்றது. மயங்கிய நிலையிலும் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பலியானார். இதனால்தான் இமாசலில் மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்க தடை போடுகிறார்கள்.

என்ன கேட்கணும்?

பைலட்டுக்கு சுற்றுலா துறை லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெல்மெட், அவசர பாராசூட் இருக்கிறதா பாருங்கள். 2 தொடை பெல்ட், நெஞ்சு பெல்ட் மூன்றையும் நீங்களே இழுத்து பாருங்கள். கம்பெனியில் உயரத்தில் ஏறும் முன்பு சேப்டி பெல்ட் கொக்கியை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பீர்களே, அதே வேலைதான். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

'இன்னைக்கு காத்து சரியில்லை' என்று பைலட் சொன்னால் சண்டை போடாதீர்கள். வீடியோ அடுத்த டூரில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் உங்களை எதிர்பார்த்து இருக்கிறார்கள்.