மலை வண்டியின் என்ஜினில் கசடு சேர்ந்தால்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக வந்தால், முள்ளுக்குறிச்சியைத் தாண்டியதும் கொல்லிமலை ஏற்றம் தொடங்கிவிடும். காரவள்ளி வழியின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்தப் பாதை எவ்வளவோ தேவலை. ஆனாலும் பாரம் ஏற்றிய பிக்கப்புக்கும் குடும்பத்தோடு போகும் காருக்கும் ஏற்றம் ஏற்றம்தான். அதனால் என்ஜினுக்குள் கசடு சேர்ந்தாலே பழியை மலையின் மேல் போட்டுவிடுகிறோம். உண்மையில், மலைக்கு மேலேயே இருந்துகொண்டு, மார்கழிக் குளிரில் செம்மேட்டிலிருந்து பக்கத்துச் சந்தை வரை போய்த் திரும்பி நிற்கிற வண்டியில்தான் கசடு சீக்கிரம் சேரும்.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். சூடேறும் முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் அது ஆயிலிலேயே தங்கும். எரியாத எரிபொருளும் கரிப்புகையும் அதனோடு சேர, கெட்டியான கறுப்புக் கூழ் உருவாகிறது. அதுதான் கசடு, மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்பார்கள்.

என்ஜினுக்குள் படியும் இன்னோர் அழுக்கு வார்னிஷ். அது உருவாகும் விதம் வேறு. அது வெப்பத்தால் வருவது. ஆயில் சூட்டில் காற்றோடு சேர்ந்து சிதையும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் சிதையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சிதைந்த ஆயில் சூடான உலோகத்தின் மேல் மெல்லிய பழுப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. வடை சுடும் வாணலியின் விளிம்பில், எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்கிற பிசுக்கும் இதே வகைதான். தாழ்ந்த கியரில் பாரத்தோடு மலை ஏறுவதன் விளைவு இந்தப் பக்கம்தான் சேரும். படலம் பிஸ்டன் ரிங்கில் பிடித்தால் ரிங் இறுகும், ஆயில் குறையும், நீலப்புகை வரும்.

சுத்தம் செய்வதற்கு முன் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான பழுப்பு நிறம் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. விரலால் வழித்தால் கறுப்புக் களிம்பு வருகிறது என்றால் கசடு ஏறியிருக்கிறது. மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை இருந்தால் அது குளிர்காலக் குறும்பயணத்தின் ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்; அந்தக் கசிவை நிறுத்தாமல் கசடை மட்டும் எடுத்துப் பயனில்லை. டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பாவது நோய் அல்ல. கரியைக் கட்டியாக விடாமல் ஆயில் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

லேசான கசடுக்கு நல்ல மருந்து புது ஆயில்தான். இன்றைய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் வேதிப்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, வழக்கமான இடைவெளியில் பாதி ஓடியதும் மாற்றுங்கள். கூடவே ஃபில்டரையும் மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வார்னிஷ் போக இன்னும் நாளாகும். எனக்கு இந்த நிதானமான வழியில்தான் நம்பிக்கை.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி என்ஜினை ஓடவிட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே ஆயில் படலம் நிற்க வேண்டிய இடத்தில் அவை நிற்காது. உலோகத்தோடு உலோகம் உரசும். வடித்த பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கி, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். கடையில் விற்கும் ஃபிளஷ் திரவம் இதைவிடப் பரவாயில்லை. வடிக்கப்போகும் சூடான பழைய ஆயிலில் ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் ஐடிலில் விட்டு வடிக்கலாம். ஆனால் அது லேசான கசடுக்கு மட்டும்தான்.

கசடு கனமாக இருந்தால் ஃபிளஷே வினையாகும். பெயர்ந்த துண்டுகள் ஆயில் சேம்பருக்குள் விழுந்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். சமதரையில் அரைகுறையாக அடைத்துக்கொண்டு ஓடும் வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது முழுதாகப் பட்டினி கிடக்கும். ஆகவே ஃபிளஷ் போட்ட கையோடு மலை ஏறாதீர்கள். கனத்த கசடுக்குச் சேம்பரையும் டேப்பெட் கவரையும் கழற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் கையாலேயே எடுத்து, வலையைக் கழுவி, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டுவதுதான் வழி. கூலி அதிகம்தான், என்ஜின் பிரிக்கும் செலவை நினைத்தால் கொடுக்கலாம்.

பேர்போன நிறுவனங்களின் என்ஜினுக்கும் இது வரும். டொயோட்டா 1997 முதல் 2002 வரை செய்த சில மாடல்களில் கசடுப் புகார் பெருகி, அமெரிக்காவில் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குத் தனிப் பழுதுநீக்கத் திட்டத்தை 2002-இல் அறிவிக்க வேண்டியிருந்தது.

பல கையேடுகளில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும். மலைச்சாலை, குறும்பயணம், பாரம், புழுதி, நெடுநேரம் ஐடிலில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். கொல்லிமலை வண்டிக்குப் பொருந்தும் இடைவெளி அந்தப் பகுதியில் உள்ளதுதான், விளம்பரத்தில் வரும் பெரிய எண் அல்ல. பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது இடையில் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் மகிழாதீர்கள், உடனே ஆயிலை மாற்றுங்கள்.

வடித்த ஆயிலைத் தரையில் கொட்டவே கூடாது. மலையில் பெய்கிற மழை ஓடைகளில் சேர்ந்து அய்யாறு போன்ற ஆறுகளுக்குத்தான் போகிறது. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. கேனில் பிடித்து மூடி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.