ஒரு கிலோ மீனின் பயணக் கணக்கு

வங்காளிகளின் உணவில் சோற்றுக்கு இணையான இடம் மீனுக்கு உண்டு. கொல்கத்தாவின் மீன் தேவையில் ஒரு பகுதி, ஆந்திராவின் பீமவரம், கொல்லேரு வட்டாரக் குளங்களிலிருந்து பனிக்கட்டியில் பொதியப்பட்டு லாரிகளில் ஹவுரா சந்தைக்கு வருகிறது. தொலைவு 1,000 கிலோமீட்டருக்கும் அதிகம்.

இதற்கு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 10 டன் மீன் ஏற்றிய லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுமெனக் கொண்டால், 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் தேவை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக, ஒரு பயணத்திற்கு 675 கிலோ. ஒரு கிலோ மீனுக்குச் சுமார் 67 கிராம். பனிக்கட்டி தயாரிக்கும் மின்சாரம் இதில் சேரவில்லை.

மாநகரின் கிழக்கு எல்லையில் நிலைமை வேறு. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள் 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நகரின் கழிவுநீர் இங்குள்ள குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தூய்மையடைந்து, மீன்களையும் வளர்க்கிறது. ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் மீன் கிடைக்கிறது. அதிகாலை ஏலம் முடிந்ததும் பல மீன்கள் உயிருடனேயே அருகிலுள்ள சந்தைகளை அடைகின்றன. இந்த ஏற்பாட்டின் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ்.

இன்று கட்டடங்கள் இந்நிலங்களை அரித்து வருகின்றன. இவை மறைந்தால், அந்த 10,000 டன் மீனை வெளியிலிருந்து கொண்டுவர ஆண்டுக்கு 1,000 லாரிகள் வேண்டும். மேற்கண்ட கணக்கின்படி அதன் சுமை 675 டன் கரியமில வாயு. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு தனி.

முதலைக் கரைத்துவிட்டு வட்டியை எதிர்பார்க்க இயலாது என்பதை வாடிக்கையாளர்கள் அறிவர். அடுத்த முறை மீன் வாங்கும்போது, அது எந்த ஊர் மீன் என்று கேட்டு வாங்குவோம்.